மௌன ஜெபம்: மனத்தைக் காலி செய்யும் வேலையா?

ஞாயிறு ஆராதனை முடிவில், மற்ற அறிவிப்புகளோடு "வியாழன் மாலை மௌன ஜெபக் குழு கூடும்" என்று வாசித்தால் போதும், வாசலில் செருப்பு மாட்டும்போதே பேச்சு தொடங்கிவிடும். "இது யோகாதானே?" என்பார் ஒருவர். "மனசைக் காலியா வச்சா பிசாசு வந்து குடியேறும்னு வேதமே சொல்லுதே" என்பார் இன்னொருவர். "டென்ஷனுக்கு நல்லதாம்" என்று மூன்றாமவர் சேரத் தயாராகிவிடுவார்.

எதிர்ப்பவர், பயப்படுபவர், ஆர்வப்படுபவர் மூவரும் ஒரே அனுமானத்தில் நிற்கிறார்கள்: மௌன ஜெபம் என்பது மனத்தை வெறுமையாக்கி ஒருவித அமைதி நிலையை அடையும் உத்தி. கிறிஸ்தவ மரபில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் செய்முறை, தவறுகள், ஆபத்துகள் எல்லாம் அதிலிருந்தே விளங்கும்.

## எது எது என்று பிரித்துக்கொள்வோம்

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் ஜெபத்தை மூன்றாகப் பிரிக்கிறது.

1. வாய்மொழி ஜெபம். கர்த்தர் கற்பித்த ஜெபம், ஜெபமாலை, சொந்த வார்த்தைகளில் வேண்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

2. தியானம். ஒரு வேதப்பகுதியை எடுத்து அறிவாலும் கற்பனையாலும் ஆராய்ந்து, அதை வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பது. (சென்னைப் பங்குகளில் பாட்டும் பிரசங்கமுமாக நடக்கும் மூன்று நாள் கூட்டத்தையும் "தியானம்" என்கிறோம். அது வேறு.)

3. ஆழ்நிலை ஜெபம். வார்த்தைகளும் ஆராய்ச்சியும் அடங்கி, கடவுளை அன்போடு நோக்கியிருப்பது. மௌன ஜெபம் நாடுவது இதைத்தான்.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இவற்றை ஒரே ஏணியின் படிகளாக வரிசைப்படுத்தினார்: வாசித்தல், அசைபோடுதல், வேண்டுதல், நிலைத்திருத்தல். கடைசிப் படி மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு நிற்பதல்ல. அவற்றின் மீதுதான் அது நிற்கிறது. வேதம் வாசிக்காதவர் நேராக நான்காம் படியில் ஏறி உட்கார்ந்தால், சில வாரங்களில் தன் மனத்தோடு மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கண்டிப்பான பொருளில் ஆழ்நிலை ஜெபம் கடவுள் தரும் கொடை. எந்த முறையாலும் அதை வரவழைக்க முடியாது. ஸ்பானியக் கன்னியர் அவிலா தெரேசா (1515–1582), 1577இல் எழுதிய நூலில் ஆன்ம வாழ்வை ஏழு உறைவிடங்களாக வருணிக்கிறார். முதல் மூன்றும் பெரும்பாலும் மனித முயற்சி சார்ந்தவை. நான்காவதிலிருந்து கடவுளின் செயல் மேலோங்குகிறது. ஆகவே "20 நிமிட முறை" என்று இன்று கற்றுத்தரப்படுவது அந்தக் கொடைக்கான ஆயத்தம் மட்டுமே. இதை முதல் நாளே சொல்லாத பயிற்சியாளரிடம் கவனமாக இருப்பது நல்லது.

## இது எங்கிருந்து வந்தது?

4ஆம் நூற்றாண்டு எகிப்தின் பாலைநிலத் துறவிகளிடமிருந்து. அவர்களில் கூர்மையாக எழுதியவர் எவாக்ரியுஸ் (மறைவு 399). ஜெபம் என்றால் எண்ணங்களை விலக்கிவைப்பது என்றவர் அவர்தான். ஜெபம் என்றால் மனம் கடவுளோடு உரையாடுவது என்றவரும் அவரே. இவற்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் வெறுமை மிஞ்சும். இரண்டாவதோடு சேர்த்துப் படித்தால், உரையாடலுக்கு இடைஞ்சலானதைத்தான் விலக்கச் சொல்கிறார் என்பது தெளிவாகும்.

அவர் வழிவந்த யோவான் காசியன், 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரே வசனத்தை ஓயாமல் சொல்லச் சொன்னார். நம் வேதாகமத்தில் அது சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தரே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்."

கிழக்கத்திய திருச்சபையில் இதுவே "இயேசு ஜெபம்" ஆயிற்று: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவ குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." எரிகோவில் பர்திமேயு கூவியதும் ஆலயத்தில் ஆயக்காரன் வேண்டியதும் இந்த ஒரு வரியில் சேர்ந்திருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் சீனாய் கிரகோரி என்ற துறவி ஒரு சாண் உயர இருக்கையில் அமர்ந்து இதைச் சொல்லும்படி எழுதினார். இப்படி ஜெபித்த துறவிகளை "தொப்புளைப் பார்த்து உட்காருகிறவர்கள்" என்று பர்லாம் என்பவர் ஏளனம் செய்தார். கிரகோரி பலமாஸ் என்ற இன்னொரு துறவி அவர்களுக்காக வாதாடினார். 1341இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் பலமாஸ் பக்கம் நின்றது.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1535இல் தன் முடிதிருத்துநருக்காக ஜெபிக்கும் முறை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஜெபத்தின் நடுவே நல்ல எண்ணங்கள் பெருகினால், மீதி மன்றாட்டுகளை விட்டுவிட்டு மௌனமாகக் கேளுங்கள், அங்கே பரிசுத்த ஆவியானவரே பிரசங்கிக்கிறார் என்கிறார் அதில். மௌன ஜெபம் கத்தோலிக்கருடைய சரக்கு என்று ஒதுக்கும் சபைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, "யோகாதானே?" என்ற கேள்வி. இதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது. இன்றைய மௌன ஜெபக் குழுக்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான ஜான் மெய்ன் (1926–1982) 1950களில் மலாயாவில் அதிகாரியாக இருந்தபோது, சுவாமி சத்தியானந்தா என்ற இந்துத் துறவியிடம்தான் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அமர்வதைக் கற்றார். பிறகு பெனடிக்ட் சபைத் துறவியான அவர், அதே வழக்கம் காசியனின் நூலில் இருப்பதைக் கண்டார். 1975இல் லண்டனில் குழு தொடங்கினார். ஆக, தூண்டுதல் இந்தியத் துறவியிடமிருந்து வந்தது; வேர் திருச்சபைக்குள்ளேயே இருந்தது. இதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. குளித்தலை அருகே தண்ணீர்பள்ளியில் காவிரிக் கரையில் 1950இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம், இவ்விரு மரபுகளும் வெளிப்படையாகச் சந்தித்துப் பேசிய இடம்.

## பிசாசு பயமும் அதிலுள்ள உண்மையும்

மத்தேயு 12:43–45இல் வரும் வெறுமையான வீடுதான் இந்த அச்சத்தின் ஆதாரம். அங்கே இயேசு பேசுவது, அசுத்த ஆவி போன பிறகு அந்த இடத்தில் யாரையும் குடிவைக்காத சந்ததியைப் பற்றி. இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பவரின் வீடு காலி வீடு ஆகாது.

"வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" (மத்தேயு 6:7) என்பது அடுத்த ஆட்சேபம். திரும்பச் சொல்வதே தவறென்றால் கெத்செமனேயை எங்கே வைப்பது? அங்கே இயேசு மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் (மத்தேயு 26:44). நிறையச் சொன்னால் கடவுளை இணங்க வைத்துவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் 6:7 கண்டிக்கிறது.

ஆனால் ஆட்சேபிப்பவர்கள் சுட்டும் ஆபத்து கற்பனையானதல்ல. 17ஆம் நூற்றாண்டில் ரோமில் மிகுவேல் தெ மோலினோஸ் என்ற குரு, ஆன்மா முற்றிலும் செயலற்று இருப்பதே உயர்ந்த ஜெபம் என்று போதித்தார். அந்தப் போக்கு எதுவரை போயிற்றென்றால், மன்றாடுவதும் சோதனையை எதிர்த்து நிற்பதும்கூடத் தேவையில்லை என்றாயிற்று. 1687இல் அவர் பெயரிலான 68 கருத்துகளைத் திருத்தந்தை கண்டனம் செய்தார். மோலினோஸ் சிறையிலேயே இறந்தார். மௌனத்தைப் பிடித்துக்கொண்டு வேதத்தையும் சபையையும் ஒழுக்கத்தையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பழைய, தெளிவான சாட்சி.

1989 அக்டோபர் 15இல், ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) தலைமையிலான வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஒரு கடிதம் வெளியிட்டது. அது கிழக்கத்திய முறைகள் அனைத்தையும் தடை செய்துவிட்டது என்று பலர் பரப்புகிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. ஜெபிக்கிறவருக்கு உதவும் வழிகளாக அவை பயன்படலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அதன் எச்சரிக்கை வேறு: சில உடற்பயிற்சிகள் தாமாகவே இளைப்பாறுதலையும், ஒளியோ கதகதப்போ போன்ற உணர்வுகளையும் தரும், அவற்றைப் பரிசுத்த ஆவியானவரின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வது பெருந்தவறு. "டென்ஷனுக்கு நல்லதாம்" என்று வருபவருக்கும் இதே பதில்தான். பதற்றம் குறையலாம், குறையாமலும் போகலாம். ஜெபத்தின் அளவுகோல் அது இல்லை.

## செய்முறை

1. நேரம். காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் என்பதுதான் பெரும்பாலும் கற்றுத்தரப்படுவது. புதியவர் காலையில் 10 நிமிடத்தில் தொடங்கி ஒரு மாதத்தில் 20க்கு வரலாம். சாப்பிட்டவுடன் வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். சென்னை அடுக்குமாடியில் விடியற்காலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட நேரமே பெரும்பாலோருக்குக் கிடைக்கும்.

2. உடல். நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் படட்டும், முதுகு நிமிர்ந்திருக்கட்டும், கை மடியில் இருக்கட்டும். தரையில் அமர்பவர் மடித்த ஜமுக்காளத்தை 4 முதல் 6 அங்குல உயரத்துக்குப் போட்டு, இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கும்படி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் முதுகு வளையும், கால் மரத்துப்போகும், மீதி நேரமெல்லாம் காலைப் பற்றிய நினைப்பிலேயே ஓடும். படுக்கையில் சாய்ந்தபடி வேண்டாம்.

3. மொபைல். ஃபிளைட் மோடில் போட்டு, முதுகுக்குப் பின்னால் வையுங்கள். டைமருக்கு மெல்லத் தொடங்கும் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான அலாரம் தூக்கிவாரிப் போடும். டைமர் இல்லாமல் அமர்ந்தால் கண் கடிகாரத்தையே தேடும்.

4. வேதம். நான்கைந்து வசனங்களை மெதுவாக வாசியுங்கள். அன்றைய திருப்பலி வாசகம் அல்லது ஒரு சங்கீதம். இரண்டு நிமிடம்.

5. சொல். ஒன்றைத் தேர்ந்து மாதக்கணக்கில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா", "இயேசுவே", "இரங்கும்", "வாரும்" எல்லாம் பொருந்தும். மெய்ன் பரிந்துரைத்தது "மாரநாதா" ("ஆண்டவரே, வாரும்") என்ற அரமேயச் சொல். மா-ர-நா-தா என்று நான்கு அசையும் சம அழுத்தத்தில் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாரையாவது நினைவூட்டி அழவைக்கும் சொல்லோ பழைய பாட்டை இழுத்துவரும் சொல்லோ வேண்டாம்.

6. சொல்லைப் பயன்படுத்தும் விதம். முறைகள் பிரிவது இங்கேதான். மெய்ன் முறையில் தொடக்கம் முதல் முடிவு வரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் ஸ்பென்சர் மடத்தில் மெனிங்கர், பென்னிங்டன், கீட்டிங் ஆகிய துறவிகள் வகுத்த "மையம் நாடும் ஜெபம்" என்ற முறையில், எண்ணத்தில் சிக்கிக்கொண்டதை உணரும்போது மட்டும் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். இயேசு ஜெபத்தில் முழு வாக்கியம்; 33, 50 அல்லது 100 முடிச்சுள்ள கயிறு கணக்கு வைத்துக்கொள்ளும். மூன்றும் நல்லவை. மூன்றையும் கலப்பது நல்லதல்ல. வாரம் ஒரு முறை என்று மாற்றிக்கொண்டிருந்தால் முறைகளை ஒப்பிடுவதிலேயே காலம் போகும்.

7. முடிவு. மணி அடித்ததும் எழுந்துவிடாதீர்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மெதுவாகச் சொல்லி, இரண்டு நிமிடம் கழித்து எழுங்கள்.

## ஒரு நிமிடத்துக்குள் நடப்பது

அமர்ந்து ஆறாவது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சொல் "அப்பா". கீழே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போடுகிறார்கள். சத்தம் காதில் விழுகிறது. அது இடைஞ்சலே இல்லை, காது தன் வேலையைச் செய்கிறது. அடுத்து, "தொட்டி வழியப் போகிறது". அதைத் தொடர்ந்து, "இந்த வாரம் யார் முறை?" அங்கிருந்து போன மாத அசோசியேஷன் கூட்டம், அதில் செயலாளர் பேசிய பேச்சு, அதற்குச் சொல்லத் தவறிய பதில். பதில் இப்போது அருமையாக அமைகிறது; இன்னும் கூர்மையாக்கத் தோன்றுகிறது. நாற்பது வினாடியாக ஜெபிக்கிறவர் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

திடீரென்று தெரிகிறது: நான் இங்கே இல்லை.

தெரிந்த அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது ஒன்றே. பதிலை முடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு "அப்பா" என்று திரும்புவது. "சே, மறுபடியும் போய்விட்டேனே" என்பது இன்னொரு எண்ணம். அதையும் விட வேண்டும். "பரவாயில்லை, சீக்கிரம் கண்டுபிடித்தேன்" என்ற பாராட்டும் எண்ணம்தான்.

மௌன ஜெபத்தின் வேலை முழுவதும் இந்தத் திரும்புதலில் இருக்கிறது. 20 நிமிடத்தில் ஐம்பது முறை திரும்பியவர் ஐம்பது முறை தன் விருப்பத்தைக் கடவுளிடம் ஒப்படைத்திருக்கிறார். எண்ணமே வராமல் சுகமாக மிதந்தவர் ஒருவேளை ஒருமுறையும் ஒப்படைக்கவில்லை. கலைந்துபோன ஜெபத்தைத் தோல்வி என்று நினைத்துப் பலர் இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறார்கள். வருத்தமான விஷயம், ஏனென்றால் அவர்கள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

## எங்கே பிசகுகிறது

தூக்கம்: தினமும் தூங்கினால் அது பெரும்பாலும் உறக்கக் குறைவு. இரவு சீக்கிரம் படுக்க வேண்டும். வேறு ஆன்மிக விளக்கம் தேடத் தேவையில்லை.

அனுபவ வேட்டை: வெளிச்சம், நறுமணம், உடல் லேசாவது. ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவான் (1542–1591) இவற்றில் திரும்பத் திரும்ப ஒரே கண்டிப்பைக் காட்டுகிறார்: பற்றிக்கொள்ளாதே. இவற்றைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் பற்றிக்கொள்வதுதான்.

மேட்டிமை: சத்தமாக ஜெபிப்பவர்களை மட்டமாகப் பார்க்கத் தொடங்குவது. முழு இரவு ஜெபத்தில் கண்ணீர்விட்டுக் கதறும் ஒரு தாயைவிடத் தன் மௌனம் உயர்ந்தது என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் சில நாள் அந்தத் தாயின் பக்கத்தில் முழங்கால்படியிட்டு வாய்விட்டு ஜெபிப்பது நல்லது. மௌனம் மற்ற ஜெபங்களுக்கு மாற்றாகாது.

பழைய காயங்கள்: சில வாரங்களுக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகையோ கோபமோ மேலெழலாம். மறந்துபோன இழப்புகள் நினைவுக்கு வரலாம். இது அடிக்கடி நடப்பது. ஜெபத்தை நிறுத்தத் தேவையில்லை, நேரத்தை 10 நிமிடமாகக் குறைத்து, ஆன்ம வழிகாட்டியிடம் பேசலாம். ஆனால் மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர், கொடுமைக்கு ஆளாகி அதன் நினைவுகளால் தவிப்பவர், காதில் குரல் கேட்கும் நோய் இருந்தவர் ஆகியோர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். அவர்களுக்குக் கண்ணைத் திறந்து வாய்விட்டுச் சொல்லும் சங்கீதமே பாதுகாப்பானது. நாள்கணக்கில் நீளும் மௌனத் தியானங்கள் வேண்டாம். ஜெபத்தை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரையும் கேட்காதீர்கள்.

## வறட்சி: எந்த வறட்சி?

மாதங்கள் கழித்து ஒருநாள் எல்லாம் உலர்ந்துவிடும். வேதம் ருசிக்காது, ஜெபிக்க உட்காரப் பிடிக்காது. இது வளர்ச்சியா, சோம்பலா, நோயா? சிலுவையின் யோவான் மூன்று அடையாளங்களைத் தருகிறார்.

1. கடவுளுக்குரியவற்றில் ருசி இல்லை. உலகத்து விஷயங்களிலும் இல்லை.
2. கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே, பின்வாங்கிப் போகிறோமே என்ற வேதனையான அக்கறை ஓயாமல் இருக்கிறது.
3. முன்புபோல் கற்பனையாலும் ஆராய்ச்சியாலும் தியானிக்க முயன்றாலும் முடியவில்லை.

மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது கடவுள் நடத்தும் இருள், அதாவது வளர்ச்சி. ஜெபம் மட்டும் கசந்து, சீரியலும் கிரிக்கெட்டும் இனித்தால் முதல் அடையாளமே இல்லை, அது ஆர்வம் ஆறிப்போன வெதுவெதுப்பு. எதிலும் ருசி இல்லை, ஆனால் கடவுளைப் பற்றிய அக்கறையும் இல்லை என்றால், உடல்நலக் குறைவோ மனச்சோர்வோ காரணமாக இருக்கலாம் என்கிறார் அவர். 16ஆம் நூற்றாண்டிலேயே அந்த வேறுபாட்டைக் கவனித்துச் சொன்ன ஒருவரை வைத்துக்கொண்டு, நாம் இன்றும் மனச்சோர்வில் கிடப்பவரிடம் "விசுவாசம் குறைஞ்சிருக்கு" என்கிறோம். இதை நிறுத்த வேண்டும்.

மூன்று அடையாளமும் இருப்பவருக்கு அவர் சொல்வது: பழையபடி தியானிக்க உன்னை வருத்தாதே; கடவுளை அன்போடு நோக்கி, ஒன்றும் செய்யாததுபோலத் தோன்றினாலும் அமைதியாக இரு. இதைத் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. மந்தைவெளியிலுள்ள இயேசு சபையினரின் தியான ஆசிரமம் போன்ற இடங்களில் ஆன்ம வழிகாட்டுதலில் பழகியவர்களிடம் கேட்கலாம். உங்கள் பங்குகுருவோ போதகரோ தகுந்த ஒருவரைச் சொல்லக்கூடும்.

## குழுவாகக் கூடுவது

தனியாகத் தொடர்வது கடினம் என்பதால் குழு உதவும். 5 முதல் 12 பேர் போதும். வட்டமாக நாற்காலி, நடுவில் ஒரு வேதாகமம். இரண்டு நிமிட வாசிப்பு, 20 நிமிட மௌனம், கர்த்தர் கற்பித்த ஜெபம். யாருக்கு என்ன கிடைத்தது என்று சுற்றிக் கேட்பதைத் தவிருங்கள். கேட்டால் அடுத்த வாரம் எல்லோரும் சொல்வதற்கு எதையாவது தேடிக்கொண்டே உட்காருவார்கள். பாடற்குழு ஒத்திகை நடக்கும் நாளை விட்டு வேறு நாள் பாருங்கள். மின்விசிறி ஓடட்டும், அதன் சீரான ஒலி மற்ற சத்தங்களை மட்டுப்படுத்தும்.

புதிய குழு தொடங்க முடியாத பங்குகளுக்கு, ஏற்கெனவே கையில் இருக்கும் வாய்ப்பு முதல் வெள்ளி நற்கருணை ஆராதனை. ஒரு மணி நேரத்தில் பாடலும் மன்றாட்டும் மைக்கில் இடைவிடாமல் ஓடுகின்றன. நடுவில் மூன்று நிமிடம் அமைதி வந்தால், ஏதோ தவறிவிட்டது போல யாராவது ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஒரு மணியில் 15 நிமிடம் மைக்கை அணைத்துவைக்கும்படி பங்குப் பேரவையில் கேளுங்கள். "இப்போது 15 நிமிடம் மௌனம்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் மக்கள் தவிக்க மாட்டார்கள். பெரிய வியாழன் இரவு விழிப்பிலும் அன்பியங்களுக்கு (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களுக்கு) நேரம் பிரிக்கும்போது, கடைசி அரை மணியை எந்த அன்பியத்துக்கும் கொடுக்காமல் விட்டுவைக்கலாம்.